தூங்க வேண்டிய இரண்டு கார்புரேட்டர்கள்

எங்கள் தெருக்கோடி வீட்டுப் பெரியவரிடம் 1965 பாண்டியாக் ஜிடிஓ ஒன்று இருக்கிறது. டெட்ராய்ட் புறநகரில் இருக்கிறோம். ஆகஸ்ட் மாதம் வுட்வர்ட் அவென்யூவில் பழைய கார்கள் வரிசைகட்டிப் போகும் திருவிழாவுக்காக ஜூன் மாதமே பானெட்டைத் திறந்து வைத்துவிடுவார். போன வருடம் வண்டிக்கு மூன்று கோளாறுகள். ஐடிலிங், அதாவது நின்றபடி ஓடும் வேகம், நிமிடத்துக்கு 1,100 சுற்றுக்குக் கீழே இறங்கவில்லை. சிக்னலில் நின்றால் பெட்ரோல் வாடை மூக்கைத் துளைத்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு நொடி திக்கித் திணறிவிட்டு, அப்புறம்தான் பாய்ந்தது.

"மூன்று கார்புரேட்டரையும் மீட்டர் வைத்துப் பார்த்து, ஒரே அளவுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதற்கப்புறமும் இப்படித்தான்" என்றார். நோயே அந்த வாக்கியத்தில்தான் இருந்தது.

பல கார்புரேட்டர் உள்ள மஸில் கார்களை, அதாவது பெரிய எஞ்சின் வைத்த அமெரிக்க வேகக் கார்களைப் பற்றிப் பேசும்போது இரண்டு நம்பிக்கைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. மூன்று கார்புரேட்டர் இருந்தால் எந்நேரமும் மூன்று மடங்கு பெட்ரோல் குடிக்கும் என்பது ஒன்று. மூன்றும் எப்போதும் சமமாக ஓட வேண்டும், சமம் தவறினால்தான் கோளாறு வரும் என்பது இன்னொன்று. இரண்டுமே தவறு. இரண்டாவது நம்பிக்கை நல்ல வண்டிகளைக் கெடுக்கிறது. ஏன் என்று புரிய, ஒரே ஒரு கார்புரேட்டரிலிருந்து தொடங்க வேண்டும்.

## கொசு மருந்து பம்ப்பும் மேல்நிலைத் தொட்டியும்

முன்பு வீடுகளில் கொசு மருந்து அடிக்க ஒரு தகர பம்ப் இருக்கும். கைப்பிடியைத் தள்ளினால் காற்று ஒரு சின்னக் குழாயின் வாய்க்கு மேலே வேகமாகப் பாயும். குழாயின் அடிப்பகுதி மருந்துக்குள் இருக்கும். மருந்து தானாக மேலே ஏறி, காற்றில் கலந்து, புகை போலத் தெறிக்கும். கார்புரேட்டரும் அதே வேலையைத்தான் செய்கிறது. பம்ப்பைத் தள்ளுகிற கைக்குப் பதிலாக, இங்கே எஞ்சினின் பிஸ்டன்கள் கீழே இறங்கும்போது காற்றை இழுக்கின்றன.

காற்று போகும் குழாயில் ஓரிடம் மட்டும் குறுகலாக இருக்கும். அதற்கு வென்ச்சுரி என்று பெயர். இரண்டு உயரமான கட்டடங்களுக்கு நடுவே உள்ள சந்தில் நுழைந்ததும் காற்று வேகமெடுக்கிறதே, அதுபோலத்தான். வேகம் கூடும் இடத்தில் காற்றின் அழுத்தம் குறையும். பெட்ரோல் நிற்கும் இடத்திலோ வெளிக்காற்றின் அழுத்தம் அப்படியே இருக்கிறது. இந்த வித்தியாசம்தான் பெட்ரோலை மேலே தள்ளுகிறது.

பெட்ரோல் நிற்கும் அந்தச் சின்னத் தொட்டிதான் மிதவை அறை. வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி நிரம்பியதும் பந்து போன்ற மிதவை எழும்பி வால்வை அடைத்துவிடும் அல்லவா? இங்கேயும் அதே ஏற்பாடுதான். மிதவை எழும்பினால் ஓர் ஊசி போய் வழியை அடைக்கும். பெட்ரோல் மட்டம் எப்போதும் ஒரே உயரத்தில் நிற்கும்.

அடிப்பக்கம் வட்டத் தகடு ஒன்று, நாணயத்தைக் குறுக்கே நிறுத்தியது போல இருக்கும். இது திராட்டில் தகடு. ஆக்சிலரேட்டரை மிதித்தால் பெட்ரோல் போகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் நாம் திறப்பது காற்றுக்கான கதவை. காற்று உள்ளே போனால் பெட்ரோல் அதன் பின்னாலேயே போகும்.

எவ்வளவு போக வேண்டும்? சுத்தமான பெட்ரோல் முழுதாக எரிய, எடைக்கணக்கில் 1 பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். முழு பலம் வேண்டுமென்றால் 12.5 முதல் 13 பங்கு காற்று, அதாவது பெட்ரோல் கொஞ்சம் தூக்கல். தேவைக்குமேல் பெட்ரோல் இருந்தால் ரிச், காற்று இருந்தால் லீன். கட்டுரை முழுக்க இந்த இரண்டு சொற்களும் வரும்.

## கதவு சாத்தியிருக்கும்போது என்ன நடக்கிறது?

வண்டி நின்றபடி ஓடும்போது, அதாவது ஐடிலிங்கில், திராட்டில் தகடு ஏறக்குறைய மூடியிருக்கும். வென்ச்சுரியில் காற்றோட்டம் மிகக் குறைவு. கொசு மருந்து பம்ப்பை மெல்லத் தள்ளினால் எதுவும் தெறிக்காது, நினைவிருக்கிறதா? அப்படியானால் எஞ்சினுக்கு பெட்ரோல் எங்கிருந்து வருகிறது?

தகடு மூடியிருந்தாலும் பிஸ்டன்கள் இழுத்துக்கொண்டேதான் இருக்கின்றன. அதனால் தகட்டுக்குக் கீழே காற்றழுத்தம் வெகுவாகக் குறைந்துவிடும். இதைத்தான் மெக்கானிக்குகள் வேக்குவம் என்கிறார்கள். தகட்டுக்குக் கீழே ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை இருக்கிறது. வேக்குவம் அதன் வழியாக பெட்ரோலை உறிஞ்சிக்கொள்கிறது. இதுதான் ஐடில் சுற்று. அந்தத் துளையைக் கூட்டிக் குறைக்கும் திருகுதான் மிக்ஸர் ஸ்க்ரூ.

இன்னொரு சின்ன விஷயம், பலரும் கவனிக்காதது. மூடிய தகட்டின் விளிம்பை ஒட்டி, சற்று மேலே, நெடுக்காக ஒரு கீறல் போன்ற துளை இருக்கும். இதை டிரான்ஸ்ஃபர் ஸ்லாட் என்பார்கள். நாம் மிதிக்கத் தொடங்கியதும் தகட்டின் விளிம்பு மேலே நகர, இந்தக் கீறல் கொஞ்சம் கொஞ்சமாக வேக்குவத்துக்கு வெளிப்பட்டு பெட்ரோல் விடும். வென்ச்சுரி விழித்துக்கொள்ளும் வரைக்கும் எஞ்சினைத் தாங்கிப் பிடிப்பது இதுதான். திடீரென்று மிதிக்கும்போது கூடுதலாகப் பீய்ச்சி அடிக்க ஆக்சிலரேட்டர் பம்ப் என்று ஒரு சின்ன பம்ப்பும் உண்டு.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: நின்றபடி ஓட ஐடில் சுற்று, மெல்ல நகர டிரான்ஸ்ஃபர் ஸ்லாட், திடீர் மிதிக்கு பம்ப், ஓட்டத்துக்கு வென்ச்சுரி. ஒன்றிடமிருந்து இன்னொன்று வேலையை வாங்கிக்கொள்ளும் இடத்தில் இடைவெளி விழுந்தால்தான் வண்டி திக்குகிறது.

## அப்புறம் ஏன் மூன்று?

அந்த ஜிடிஓவின் எஞ்சின் 389 கன அங்குலம், அதாவது ஏறக்குறைய 6.4 லிட்டர். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தன் கொள்ளளவு காற்றை இழுக்கும், சுற்றுக்கு 3.2 லிட்டர். கதவு முழுக்கத் திறந்து நிமிடத்துக்கு 5,000 சுற்றில் ஓடினால் 16,000 லிட்டர் காற்று வேண்டும். சென்னைத் தெருக்களில் வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். அதைவிடப் பெரிய அளவு, ஒரே நிமிடத்தில். அதே எஞ்சின் 700 சுற்றில் நின்றபடி ஓடும்போது, கதவு மூடியிருப்பதால், இதில் இருபதில் ஒரு பங்குகூட இழுக்காது.

ஒரே குழாய் இந்த இரண்டுக்கும் ஒத்துவராது. சின்னதாக வைத்தால் மெதுவாகப் போகும்போது காற்று வேகமாகப் பாய்ந்து பெட்ரோல் நன்றாகக் கலக்கும், ஆனால் பெரிய ஓட்டத்தில் மூச்சு முட்டும். பெரிதாக வைத்தால் வேகத்தில் சுகம், நகரத்தில் திணறல்.

கல்யாண வீட்டுச் சமையற்கட்டை நினைத்துப் பாருங்கள். காலையில் காப்பி போட ஓர் அடுப்பு போதும். பந்திக்குக் கூட்டம் சேரும்போது பக்கத்து அடுப்புகளையும் மூட்டுவார்கள். யாரும் விடியற்காலையிலேயே மூன்று அடுப்பையும் எரியவிடுவதில்லை. பாண்டியாக் நிறுவனம் 1957-இல் கொண்டுவந்த டிரை-பவர் ஏற்பாடு இதுதான். இன்டேக் மேனிஃபோல்டு எனப்படும் காற்றுப் பாதையின் மேல் இரட்டைக் குழாய் கொண்ட ரோச்செஸ்டர் கார்புரேட்டர்கள் மூன்றை வரிசையாக வைத்தார்கள். நடுவில் இருப்பது தினசரி அடுப்பு. முன்னும் பின்னும் இருப்பவை பந்திக்கு.

1964-இல் ஜிடிஓ வந்தது. பாண்டியாக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக் கூடாது என்று விதி வைத்திருந்தது. பாண்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவருடைய குழுவினரும் 389-ஐத் தனிக் காராக அறிவிக்காமல், டெம்பெஸ்ட் லெமான்ஸ் காருக்கான கூடுதல் வசதியாக விற்று அந்த விதியைத் தாண்டினார்கள். முதல் வருடமே 32,450 கார்கள் போயின. நான்கு குழாய் கொண்ட ஒற்றைக் கார்புரேட்டரோடு 325 குதிரைத்திறன், டிரை-பவரோடு 348 என்பது தொழிற்சாலைக் கணக்கு. 1966-தான் அதற்குக் கடைசி வருடம். 1967 முதல் கார்வெட், கார்வேர் தவிர மற்ற கார்களில் பல கார்புரேட்டர்களை வைப்பதை ஜெனரல் மோட்டார்ஸே நிறுத்திவிட்டது. கிரைஸ்லர் மட்டும் 1969-இன் நடுவில் ஹோலி என்ற நிறுவனத்தின் கார்புரேட்டர்கள் மூன்றை 440 எஞ்சினில் வைத்து, டாட்ஜில் சிக்ஸ் பேக் என்று பெயரிட்டு 390 குதிரைத்திறனோடு விற்றது.

## சமமாக ஓடுபவை வேறு, முறைவைத்துத் திறப்பவை வேறு

குழப்பம் தொடங்குவது இங்கேதான். எண்பதுகளில் நம் சாலைகளில் ஓடிய ராஜ்தூத் 350-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர். ஒவ்வொரு சிலிண்டரும் தன் கார்புரேட்டரை மட்டுமே நம்பியிருக்கிறது. ஒன்று கூடுதலாகத் திறந்தால் எஞ்சின் நொண்டியடிக்கும். ஆகவே இரண்டையும் சமப்படுத்தியே ஆக வேண்டும். பிரிட்டிஷ் ஜாகுவார் ஈ-டைப்பில் மூன்று எஸ்யு கார்புரேட்டர்கள் உண்டு. மூன்றும் எப்போதும் சேர்ந்தே திறக்கும். அங்கேயும் மீட்டர் வைத்துச் சமப்படுத்துவதுதான் சரியான வேலை.

அமெரிக்க மஸில் கார்களின் டிரை-பவரும் சிக்ஸ் பேக்கும் அந்த இனம் இல்லை. இவை முறைவைத்துத் திறப்பவை. நடுக் கார்புரேட்டர் பாதிக்கு மேல் திறந்த பிறகுதான் ஓரத்து இரண்டும் அசையத் தொடங்கும்; முழு மிதியில் மூன்றும் ஒன்றாக முழுதாகத் திறந்திருக்கும். திறக்கும் விதம் இரண்டு. ஒன்று, கம்பிகளும் நெம்புகோல்களும் இழுப்பது. கம்பியின் ஒரு முனை நீளமான காடிக்குள் சறுக்கும், காடி தீர்ந்த பிறகே இழுப்பு தொடங்கும். மற்றொன்று, வேக்குவத்தால் அசையும் ரப்பர் சவ்வு திறப்பது. சிக்ஸ் பேக்கில் இதுதான். கிரைஸ்லரின் 426 ஹெமி எஞ்சினில் நான்கு குழாய் கொண்ட கார்ட்டர் கார்புரேட்டர்கள் இரண்டு உண்டு. அங்கேகூட பின்னால் இருப்பது முதலில், முன்னால் இருப்பது பிறகு.

ஜிடிஓவின் ஓரத்துக் கார்புரேட்டர்களில் சோக் கிடையாது. மிக்ஸர் ஸ்க்ரூவும் கிடையாது. நின்றபடி ஓடும் எஞ்சினுக்கு பெட்ரோல் தருவது அவற்றின் வேலையே இல்லை. அந்த நேரத்தில் அவை தூங்க வேண்டும். அரைத் தூக்கம் போதாது, தகடுகள் குழாயோடு ஒட்டி அடைத்திருக்க வேண்டும். டிரை-பவர் டியூனிங்கில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, மூன்றும் சமமா என்பது அல்ல. ஓரத்து இரண்டும் உண்மையிலேயே தூங்குகின்றனவா என்பதுதான்.

## பெரியவர் வண்டிக்கு என்ன ஆனது?

மீட்டர் வைத்துப் பார்த்தவருக்கு நடுக் கார்புரேட்டரில் காற்று ஓடுவது தெரிந்தது, ஓரத்து இரண்டில் எதுவும் ஓடவில்லை. சரியான நிலைமை அதுதான். அவர் அதைக் கோளாறு என்று நினைத்து, ஓரத்துக்குப் போகும் கம்பிகளின் நீளத்தைத் திருத்தி, மூன்றிலும் ஒரே அளவு காற்று ஓடும்படி செய்திருக்கிறார். நாணயமான மனிதர், கவனமாகத்தான் செய்திருக்கிறார். வேறு இனத்து வண்டிக்கான வைத்தியம் அது.

அதன் பின் நடந்ததைப் படிப்படியாகப் பாருங்கள். ஓரத்துக் கார்புரேட்டர்கள் வழியாகக் காற்று உள்ளே போகிறது, அதோடு சேர்ந்து பெட்ரோல் போவதில்லை. கலவை லீன் ஆகிறது. காற்று கூடியதால் சுற்றும் கூடுகிறது. சுற்றைக் குறைக்க நடுக் கார்புரேட்டரின் தகட்டைத் தாங்கி நிறுத்தும் ஐடில் ஸ்க்ரூவை முழுக்கக் கழற்றுகிறார்கள். அதன் தகடு முழுதாக மூடிக்கொள்கிறது. ஆனாலும் 1,100-க்குக் கீழே வரவில்லை. லீன் கலவையால் எஞ்சின் ஆடுகிறது. ஆட்டத்தை அடக்க மிக்ஸர் ஸ்க்ரூக்களை நான்கு சுற்று வெளியே திருப்புகிறார்கள். இப்போது சில சிலிண்டருக்குப் பெட்ரோல் அதிகம், சிலவற்றுக்குக் காற்று அதிகம். எரியாத பெட்ரோல் வாடையாக வருகிறது. நடுத் தகடு முழுக்க மூடிக்கிடப்பதால் டிரான்ஸ்ஃபர் ஸ்லாட் ஒளிந்துகொள்கிறது. மிதித்தவுடன் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை. திக்கல்!

மூன்று கோளாறுக்கும் முக்கியக் காரணம் ஒன்றுதான். எட்டுப் பிளக்கையும் கழற்றி வரிசையாக அடுக்கியபோது கண்ணாலேயே தெரிந்தது: சிலவற்றில் கரி பிடித்துக் கண்மை போல இருந்தது, சில வெளுத்திருந்தன.

ஓரத்துக்குப் போகும் இரண்டு கம்பிகளையும் கழற்றிவிட்டேன். தகடுகள் தாமாக மூடின. சுற்று சரிந்தது, ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை, 850-க்கு வந்து நின்றது. அப்படியென்றால் இன்னும் எங்கோ காற்று புகுகிறது. ஓரத்துக் கார்புரேட்டர்கள் இரண்டையும் இறக்கி, கராஜின் டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தோம். முன்பக்கத்தது சுத்த இருட்டு. பின்பக்கத்ததில் ஒரு குழாயின் ஓரத்தில் மெல்லிய பிறைபோல வெளிச்சம். பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் பார்த்தார். மூன்றாம் பிறை அளவு இடைவெளிதான், ஆனால் நின்றபடி ஓடும் எஞ்சினுக்கு அது பெரிய ஜன்னல்.

தகட்டைப் பிடித்திருக்கும் சின்னத் திருகுகளைத் தளர்த்தி, தகட்டைக் குழாயோடு தானாகப் பொருந்தும்படி மூடி அழுத்தி, மறுபடி முடுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இங்கே ஓர் எச்சரிக்கை. அந்தத் திருகுகளின் முனையைத் தொழிற்சாலையில் நசுக்கி வைத்திருப்பார்கள், கழன்று விழாமல் இருக்க. நாம் கழற்றினால் புதுத் திருகு போட்டு, பசை வைத்து, மறுபடி பூட்ட வேண்டும். அது கழன்றால் நேராக சிலிண்டருக்குள்தான் விழும்.

## கார்புரேட்டரைத் தொடுவதற்கு முன்பு

பழைய மெக்கானிக்குகள் பலர், கார்புரேட்டர் கோளாறு என்று வரும் வண்டிகளில் முதலில் பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறப்பார்கள். அவர்கள் சொல்வது சரி. பாயின்ட் தேய்ந்திருந்தாலும், கண்டென்சர் பழுதானாலும், பிளக் வயர் பொறியைக் கசியவிட்டாலும், வண்டி மிஸ்ஸிங் ஆவது பெட்ரோல் கோளாறு போலவே இருக்கும். பாயின்ட், பிளக், டைமிங் (பொறி விழும் நேரம்) மூன்றையும் கையேட்டில் உள்ளபடி வைத்துவிட்டுத்தான் திருகுளியை மிக்ஸர் ஸ்க்ரூ பக்கம் கொண்டுபோக வேண்டும். அந்த வண்டிக்குக் கையேடு சொல்வது, பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 6 டிகிரி முன்பு; நாங்கள் பார்த்தபோது டைமிங் அந்த இடத்தில் இல்லை.

அடுத்தது ஏர் லீக். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடித்துப் பாருங்கள். எவ்வளவு உறிஞ்சினாலும் காற்றுதான் வரும். மூன்று கார்புரேட்டர் என்றால் அடியில் மூன்று கேஸ்கெட், பல ரப்பர் குழாய்கள், திராட்டில் தகடுகளைச் சுழற்றும் தண்டுகளின் மூன்று ஜோடி முனைகள். ஓட்டை விழும் இடமும் மூன்று மடங்கு. எஞ்சின் ஓடும்போது கேஸ்கெட் ஓரங்களில் கார்புரேட்டர் கிளீனரைக் கொஞ்சம் தெளித்தால், ஓட்டை உள்ள இடத்தில் எஞ்சின் சத்தம் மாறும். தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள், சூடான சைலன்சர் குழாய் மேல் தெளித்துவிடாதீர்கள். லீக் இருந்தால் நட்டை இன்னும் முறுக்கலாம் என்று தோன்றும். வேண்டாம். ரோச்செஸ்டரின் அடிப்பாகம் வளைந்துபோவதே அதிகம் முறுக்குவதால்தான். வளைந்த பிறகு எந்த கேஸ்கெட்டும் அடைக்காது.

இந்த வேலைக்கு வேக்குவம் கேஜ் ஒன்று கட்டாயம் வாங்கிவிடுங்கள், விலை அதிகமில்லை. நல்ல எஞ்சினில் ஐடிலிங்கின்போது முள் 17 முதல் 20 அங்குலத்தில் ஆடாமல் நிற்கும். ரேஸ் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்ட வண்டிகளில் குறைவாக இருக்கும். ஒரே சீராகத் தாழ்ந்து நின்றால் ஏர் லீக் அல்லது தாமதமான டைமிங். ஒரே தாளத்தில் விட்டுவிட்டு விழுந்தால் வால்வு ஒன்றில் கோளாறு. அதற்குக் கார்புரேட்டரில் மருந்தில்லை.

சுருக்கமாக: பொறி, அப்புறம் லீக், அப்புறம் ஓரத்துத் தகடுகள். நடுக் கார்புரேட்டர் நான்காவதுதான்.

## எந்த அறிகுறிக்கு எங்கே பார்ப்பது?

திக்கல் மட்டும் இருந்தால் ஆக்சிலரேட்டர் பம்ப்பைச் சந்தேகப்படுங்கள். எஞ்சினை அணைத்து, ஏர் கிளீனரைத் தூக்கிவிட்டு, நடுக் கார்புரேட்டரின் வாய்க்குள் பார்த்தபடி திராட்டிலை அசையுங்கள். அசைத்த அதே கணத்தில் இரண்டு தாரைகள் பலமாகப் பீய்ச்ச வேண்டும். சொட்டினாலோ, தாமதித்து வந்தாலோ, பம்ப்பின் ரப்பர் வாய் சுருங்கியிருக்கிறது. இன்றைய அமெரிக்க பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பருக்கு அது ஆகாது. எத்தனால் தாங்கும் ரப்பர் வைத்த கிட்டுகள் கிடைக்கின்றன. பெரியவர் வண்டியிலும் தகடுகளைச் சரிசெய்த பிறகு கொஞ்சம் திக்கல் மிச்சமிருந்தது. பம்ப்பை மாற்றியதும் அதுவும் போயிற்று.

எஞ்சின் ஓடும்போது ஓரத்துக் கார்புரேட்டரின் வாய்க்குள் பெட்ரோல் சொட்டினால் அது டியூனிங் பிரச்சினையே இல்லை. மிதவை அறையின் ஊசி அடைக்கவில்லை, அல்லது மிதவைக்குள் பெட்ரோல் புகுந்து கனத்துப்போயிருக்கிறது, அல்லது பெட்ரோல் பம்ப்பின் அழுத்தம் அதிகம். மாடித் தொட்டி வழிந்தால் குழாயைத் திருகிப் பயனுண்டா? சொட்டும்போது வண்டியை ஓட்டாதீர்கள், தீப்பிடிக்கும்.

ஹோலி கார்புரேட்டர்களில் இன்னொரு இடம் உண்டு. பவர் வால்வு என்பது பாரம் கூடும்போது கூடுதல் பெட்ரோல் விடும் சவ்வு. எஞ்சின் பின்னடித்து கார்புரேட்டர் வழியாக வெடித்தால் அந்தச் சவ்வு கிழியலாம். கிழிந்தால் எந்நேரமும் ரிச். மிக்ஸர் ஸ்க்ரூவை முழுக்க மூடினாலும் எஞ்சின் நிற்காமல் ஓடும்.

சிக்ஸ் பேக் வைத்திருப்பவர்களின் பெரிய புகார், "ஓரத்து இரண்டும் திறக்கவே இல்லை" என்பது. வண்டியை நிறுத்திவைத்து உறுமவிட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள். பாரமில்லாத எஞ்சின் அதிகக் காற்றை இழுக்காது. நடு வென்ச்சுரியில் சவ்வை அசைக்கும் அளவுக்கு வேக்குவம் உண்டாகாது. சவ்வின் தண்டில் ஒரு பேப்பர் கிளிப்பை மாட்டிவிட்டு, சாலையில் முழு மிதியில் ஒரு முறை ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கிளிப் நகர்ந்திருந்தால் திறந்திருக்கிறது என்று பொருள்.

கம்பி இழுக்கும் வகையில் தலைகீழான ஒரு கோளாறு: வேகத்தில் பலம் போதவில்லை. ஒருவரை உள்ளே உட்காரவைத்து, எஞ்சின் அணைந்திருக்கும்போதே ஆக்சிலரேட்டரைத் தரைவரை மிதிக்கச் சொல்லி, மூன்று வாய்க்குள்ளும் எட்டிப் பாருங்கள். தகடுகள் நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும். காலடியில் தடிமனான தரைவிரிப்பு கிடந்தாலே கடைசிக் கால் பங்கு திறக்காமல் போகும்.

## டியூன் செய்யும் வரிசை

எஞ்சின் நன்றாகச் சூடாகி, சோக் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். ஓரத்துக் கம்பிகளைக் கழற்றி வைத்துவிடுங்கள். நடுக் கார்புரேட்டரின் இரண்டு மிக்ஸர் ஸ்க்ரூக்களையும் மெதுவாக உள்ளே திருகி, தட்டியதும் நிறுத்தி, ஒன்றரைச் சுற்று வெளியே கொண்டுவாருங்கள். முறுக்கி அடைத்தால் ஊசிமுனை கெட்டுவிடும். வேக்குவம் கேஜை மேனிஃபோல்டில் மாட்டி, ஒவ்வொரு ஸ்க்ரூவையும் கால் சுற்று அளவில் திருப்பி, முள் எங்கே அதிகம் ஏறுகிறது என்று பாருங்கள். பத்து நொடி பொறுத்துத்தான் எஞ்சின் பதில் சொல்லும், அவசரப்பட்டால் தவறவிடுவீர்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் வெளியே இருக்க வேண்டும். சமம் பார்க்க வேண்டிய இடம் இது ஒன்றுதான்.

பிறகு ஐடிலிங்கைக் கையேட்டின் அளவுக்குக் கொண்டுவந்து, மறுபடி ஒரு முறை ஸ்க்ரூக்களைப் பாருங்கள். கடைசியாகத்தான் ஓரத்துக் கம்பிகள். மாட்டியதும் சுற்று ஐந்து எண்கூட ஏறக் கூடாது. ஏறினால் கம்பி நீளம் சரியில்லை, தகட்டை இழுத்துப் பிடிக்கிறது. விரலால் அசைத்தால் கொஞ்சம் தளர்வு தெரியும்படி வையுங்கள்.

பெரியவர் வண்டி 700-இல் வந்து நின்றது. மிக்ஸர் ஸ்க்ரூக்கள் ஒன்றே முக்கால் சுற்று. ஏர் கிளீனர் மேல் வைத்திருந்த காப்பிக் கோப்பையில் அலை எழவில்லை. ஆனால் நெடுஞ்சாலை ஏற்றத்தில் முழுதாக மிதித்தபோது ஓரத்து இரண்டும் இருமின. அவர் பல வருடமாக மெதுவாகவே ஓட்டியதால் அந்த மிதவை அறைகளில் பெட்ரோல் ஆவியாகி, அடியில் பிசின் போலப் படிந்து, பெட்ரோல் போகும் சின்னத் துளைகளான ஜெட்டுகளை அடைத்திருந்தது. மறுபடி இறக்கி, திறந்து, கழுவி மாட்டினோம். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை போக்குவரத்து இல்லாத நேரத்தில் ஏற்றத்துக்குப் போய் ஒரு முறை தரைவரை மிதித்துவிட்டு வருகிறார். எங்கள் வீட்டு வாசல்வரை அந்தச் சத்தம் கேட்கும்.